திருவனந்தபுரம் ஏர்போர்ட்டிலிருந்து எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம்? குமரி மாவட்டத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தக்கலையில் ரயில், விமான டிக்கெட் எடுத்துக் கொடுக்கும் சின்னக் கடை என்னுடையது. வருகிறவர்களில் பாதிப் பேர் கல்ஃபுக்குப் போகிறவர்கள். மீதிப் பேருக்குச் சென்னை, பெங்களூரு, மும்பை. டிக்கெட் விலைக்கு அடுத்தபடியாக எல்லோரும் கேட்பது இரண்டே விஷயம்தான்: எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம். ஒரு வரியில் சொல்லிவிடலாம் போலத்தான் தோன்றும். ஆனால் அந்த ஒரு வரியை மட்டும் நம்பிக் கிளம்பி, விமானத்தைத் தவறவிட்டுக் கண்கலங்கி நின்றவர்களை நான் பார்த்திருக்கிறேன். அதனால் கேள்விகளைக் கடையில் கேட்கிற மாதிரியே வைத்து, பதிலைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். கீழே வரும் விமானப் பயணத் தூரங்கள் எல்லாம் விமான நிலையத்துக்கும் விமான நிலையத்துக்கும் இடையிலான நேர் தூரம். நேரங்கள் நடுவில் இறங்காத நேர் விமானத்துக்கானவை. பத்துப் பதினைந்து நிமிடம் முன்பின்னாக இருக்கும்.

நம்ம மாவட்டத்துக்குப் பக்கத்து ஏர்போர்ட் எது?

திருவனந்தபுரம்தான். குமரி மாவட்டத்துக்குள் விமான நிலையம் கிடையாது. மாநில எல்லை தாண்டிப் போகிறோம் என்று வெளியூர்க்காரர்கள் ஆச்சரியப்படுவார்கள். நமக்கு அது பழகிய ஊர். அந்த விமான நிலையம் 1932-இல் திருவிதாங்கூர் மன்னர் காலத்தில் தொடங்கப்பட்டது. அப்போது நாகர்கோவிலும் தக்கலையும் குழித்துறையும் அதே நாட்டில்தான் இருந்தன. 1935 நவம்பர் 1-ஆம் தேதி, டாடா நிறுவனத்தின் சின்ன விமானம் ஒன்று அஞ்சல் பைகளோடு அங்கிருந்து பம்பாய்க்குப் பறந்தது. சரியாக 21 வருடம் கழித்து, 1956 நவம்பர் 1-ஆம் தேதி, நம் மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. எல்லைக்கோடு பின்னால் வந்தது, விமான நிலையம் அதற்கு முன்பே இருந்தது. 1991-இல் அதைச் சர்வதேச விமான நிலையமாக அறிவித்தார்கள்.

வீட்டிலிருந்து அங்கே போக எவ்வளவு நேரம் வைக்கணும்?

இதைத்தான் முதலில் கேட்க வேண்டும். பெரும்பாலானவர்கள் கடைசியில் கேட்கிறார்கள்.

களியக்காவிளையிலிருந்து சுமார் 35 கிலோமீட்டர். மார்த்தாண்டத்திலிருந்து 40-க்குச் சற்று மேல். நாகர்கோவிலிலிருந்து 70-க்கு மேல். கன்னியாகுமரியிலிருந்து 90-ஐத் தொடும். தூரம் பெரிதில்லை, ரோடுதான் பெரிது. தேசிய நெடுஞ்சாலை 66 நம் மாவட்டத்தில் ஊர்களுக்கு நடுவே புகுந்து போகிறது. வில்லுக்குறி, தக்கலை, மார்த்தாண்டம் என்று சந்தைக்குச் சந்தை வண்டி நிற்கும். மார்த்தாண்டத்தில் மேம்பாலம் வந்தபிறகு அந்த ஒரு இடம் லேசானது உண்மை. ஆனாலும் காலை ஸ்கூல் நேரத்திலும் மாலை ஐந்து மணிக்கு மேலும் நாகர்கோவிலிலிருந்து களியக்காவிளை சேரவே ஒன்றரை மணி நேரம் ஆகிவிடுவது உண்டு.

களியக்காவிளை தாண்டியதும் நெய்யாற்றின்கரை, பாலராமபுரம் வழியாகப் பழைய ரோட்டில் போகாமல், காரோடு பக்கம் திரும்பிப் பைபாஸைப் பிடியுங்கள். காரோட்டிலிருந்து கோவளம், திருவல்லம் வழியாகச் சாக்கை வரைக்கும் நான்கு வழிச்சாலை. திருவல்லத்தில் டோல் உண்டு. டோல் காசைப் பார்த்துப் பழைய ரோட்டில் போனவர்கள் பாலராமபுரம் நெரிசலில் அரை மணி நேரத்தைக் கொடுத்துவிட்டு வருவார்கள்.

நாகர்கோவிலிலிருந்து காரில் விடியற்காலை என்றால் ஒன்றரை மணி முதல் ஒன்றே முக்கால் மணி. பகலில் இரண்டு. மாலையில் இரண்டரை என்று வையுங்கள். கல்யாண முகூர்த்த நாள், ஓணம், கிறிஸ்துமஸ் நாட்களில் இன்னும் அரை மணி கூட்டுங்கள்.

பஸ்ஸிலோ ரயிலிலோ போகலாமா?

போகலாம். பெட்டி ஒன்றே ஒன்று, கூட வழியனுப்ப ஆள் இல்லை என்றால் ரயில் நல்லது. நாகர்கோவிலிலிருந்து இரணியல், குழித்துறை, பாறசாலை வழியாகத் திருவனந்தபுரம் 71 கிலோமீட்டர். 1979-இல் வந்த பாதை. ஒன்றரை மணி முதல் இரண்டு மணி நேரம் பிடிக்கும். ரோடு நெரிசல் அதற்குத் தெரியாது. சென்ட்ரல் ஸ்டேஷன் இருக்கும் தம்பானூரிலிருந்து ஏர்போர்ட்டுக்கு ஆட்டோவில் ஆறேழு கிலோமீட்டர். ஆனால் எல்லையில் எதிரே வரும் ரயிலுக்கு வழிவிட ரயிலை நிறுத்திப்போடுவது நடக்கும். எனவே கடைசி ரயிலை நம்பாமல், அதற்கு முந்தையதைப் பிடியுங்கள்.

திருவனந்தபுரம் – சென்னை எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம்?

நேர் தூரம் சுமார் 615 கிலோமீட்டர். டிக்கெட்டில் ஒரு மணி 15 நிமிடத்திலிருந்து ஒரு மணி 30 நிமிடம் வரை போட்டிருப்பார்கள்.

ஒரு வெப்சைட்டில் 382 என்று இருக்கு, இன்னொன்றில் 332. எது சரி?

எல்லாமே சரி, அளவுதான் வேறு. 615 கிலோமீட்டர் என்பது 382 மைல். கடல் மைலில் அதுவே 332. ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர். விமானிகளும் கப்பல்காரர்களும் கடல் மைலில்தான் பேசுவார்கள். தூத்தூர், வள்ளவிளை பக்கம் ஆழ்கடலுக்குப் போகிறவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். நான் சொல்ல ஆரம்பிக்கும் முன்பே அவர்கள் சொல்லிவிடுவார்கள்.

விமானம் மணிக்கு 800 கிலோமீட்டர் போகுமாமே. அப்போ 615 கிலோமீட்டருக்கு முக்கால் மணி போதாதா?

நல்ல கேள்வி. பள்ளிக்கூடப் பிள்ளைகள்தான் பெரும்பாலும் இதைக் கேட்கிறார்கள்.

நாம் ஏறும் சாதாரண ஜெட் விமானம் முழு உயரத்தில், அதாவது ஏறக்குறைய 11 கிலோமீட்டர் மேலே, மணிக்கு 830 கிலோமீட்டர் அளவில் பறக்கும். ஆனால் அந்த உயரத்துக்கு ஏறவே இருபது நிமிடத்துக்கு மேல் ஆகும், அதற்குள் 200 கிலோமீட்டர் போய்விடும். இறங்குவதும் அப்படித்தான். சென்னைக்கு இன்னும் 200 கிலோமீட்டர் இருக்கும்போதே விமானம் மூக்கைத் தாழ்த்திவிடும். 615-இல் ஏற 200, இறங்க 200 போனால், முழு வேகத்தில் பறப்பது நடுவில் மிஞ்சும் 200 சொச்சம்தான். காதில் அடைப்பு வந்து போய், தண்ணீர் வாங்கிக் குடித்து நிமிர்வதற்குள் ‘பெல்ட் போடுங்கள்’ என்று சொல்லிவிடுவார்கள்.

அதோடு, டிக்கெட்டில் இருப்பது பறக்கும் நேரம் மட்டும் அல்ல. சக்கரத்துக்கு அடியில் இருக்கும் கட்டையை எடுத்த நிமிடத்திலிருந்து, அங்கே போய் நின்று மறுபடி கட்டை வைக்கும் நிமிடம் வரைக்கும் உள்ள கணக்கு அது. நிறுத்துமிடத்திலிருந்து ஓடுதளம் வரை ஊர்ந்து போவது, முன்னால் நிற்கும் விமானங்களுக்காகக் காத்திருப்பது, சென்னை வானத்தில் ஒன்றிரண்டு வட்டம் அடிப்பது எல்லாம் அதில் அடக்கம். நெரிசலை நினைத்துக் கம்பெனிகளும் கொஞ்சம் கூடுதலாகவே போட்டுவைக்கும். ‘பத்து நிமிடம் முன்னாலேயே இறக்கிவிட்டான்’ என்று சிலர் சந்தோஷமாகச் சொல்வதன் ரகசியம் இதுதான்.

சென்னைக்கு விமானம்தான் வேகம், இல்லையா?

எங்கிருந்து கிளம்புகிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

நாகர்கோவிலில் இருக்கிறவருக்குக் காலை 10 மணி விமானம் என்று வைப்போம். எட்டு மணிக்கு ஏர்போர்ட்டில் இருக்க வேண்டும், நெரிசலுக்கு அரை மணி கூட்டி வைத்தால் ஐந்தரைக்கு வீட்டை விட்டு இறங்க வேண்டும். 11.20-க்குச் சென்னையில் இறங்கி, பெட்டி எடுத்து, மெட்ரோவோ காரோ பிடித்து நகரத்துக்குள் சேரும்போது மணி பகல் ஒன்று. மொத்தம் ஏழரை மணி நேரம். அதில் விமானத்தில் போனது ஒரு மணி 20 நிமிடம்.

2024 ஆகஸ்ட் 31 முதல் ஓடும் நாகர்கோவில் – சென்னை வந்தே பாரத் ஏறக்குறைய ஒன்பது மணி நேரத்தில் எழும்பூரில் விட்டுவிடுகிறது. ஜங்ஷனுக்கு வீட்டிலிருந்து பத்து நிமிடம்தான் என்றால், விமானத்துக்கும் அதற்கும் வித்தியாசம் இரண்டு மணி நேரம்கூட இல்லை. ராத்திரி வண்டி பன்னிரண்டு பதிமூன்று மணி நேரம். ஆனால் தூங்கும் நேரத்தில் ஓடிவிடும். வேலைநாள் வீணாகாது. இதையும் சேர்த்துப் பார்த்தால், நாகர்கோவில், கன்னியாகுமரிப் பக்கத்தவர்களுக்குக் கன்னியாகுமரி எக்ஸ்பிரஸ்தான் என் சிபாரிசு. விமான டிக்கெட் விற்கிற நானே இதைச் சொல்கிறேன், டிக்கெட் கிடைத்தால் ரயிலில் போங்கள்.

களியக்காவிளை, கொல்லங்கோடு, மார்த்தாண்டம் பக்கம் இருப்பவர்களுக்குக் கணக்கு மாறும். ஏர்போர்ட் ஒரு மணி நேரத்தில். அவர்களுக்கு விமானம் உண்மையிலேயே பாதி நாளை மிச்சப்படுத்தும். அதே மாதிரி, வீட்டில் இழவு, ஆஸ்பத்திரி என்று ஓடுகிறவர்களிடம் நான் ரயிலைப் பற்றிப் பேசுவதே இல்லை.

பெங்களூரு, மும்பை, டெல்லி?

பெங்களூரு சுமார் 530 கிலோமீட்டர், ஒன்றே கால் மணி. மும்பை 1,255 அளவில், இரண்டு மணியிலிருந்து இரண்டே கால். டெல்லி 2,225 அளவில், மூன்று மணி பத்து இருபது நிமிடம். டெல்லிக்கு டிசம்பர், ஜனவரியில் காலை விமானம் வேண்டாம். மூடுபனியில் எல்லாம் தள்ளிப்போகும். மதியத்துக்கு மேல் போய்ச் சேரும்படி எடுங்கள்.

இந்தத் தூரத்தை நாமே கணக்குப் போட முடியுமா?

முடியும். ஒன்பதாம் வகுப்புக் கணக்கு போதும். பூமியில் தெற்கு வடக்காக ஒரு டிகிரி நகர்ந்தால் ஏறக்குறைய 111 கிலோமீட்டர். இந்த ஒன்றை ஞாபகம் வையுங்கள்.

டெல்லி இதற்கு அருமையான உதாரணம். திருவனந்தபுரம் ஏர்போர்ட் 8.5 டிகிரி வடக்கில் இருக்கிறது, டெல்லி ஏர்போர்ட் 28.55-இல். கிழக்கு மேற்காகப் பார்த்தால் ஒன்று 76.9, மற்றது 77.1. ஏறக்குறைய ஒரே நெட்டுக்கோடு. அதாவது டெல்லி நமக்கு நேர் வடக்கு. வித்தியாசம் 20 டிகிரி. 111-ஆல் பெருக்கினால் 2,220. அவ்வளவுதான்.

சென்னைக்குக் கொஞ்சம் கூடுதல் வேலை. வடக்கே 4.5 டிகிரி, அதாவது 500 கிலோமீட்டர். கிழக்கே 3.25 டிகிரி, நம் பக்கத்தில் அது சுமார் 355 கிலோமீட்டர். இரண்டும் செங்கோண முக்கோணத்தின் இரண்டு பக்கங்கள். கர்ணம்தான் விமானப் பாதை. 500-இன் வர்க்கமும் 355-இன் வர்க்கமும் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 613 வரும். கம்ப்யூட்டர் சொல்லும் எண்ணுக்கு மிக அருகில்.

இந்த முக்கோணக் கணக்கு பக்கத்து ஊர்களுக்குத்தான். லண்டன், அமெரிக்கா என்று போனால் பூமியின் வளைவு கணக்கில் வரும். வீட்டில் பிள்ளைகளின் உலக உருண்டை இருந்தால் நூலை எடுத்து இரண்டு ஊருக்கும் நடுவே இழுத்துப் பிடியுங்கள். நூல் கிடக்கும் வழிதான் குறுகிய வழி. தட்டையான வரைபடத்தில் அது வளைந்து வடக்கே ஏறுவது போலத் தெரியும்.

கல்ஃப் நாடுகளுக்கு?

மஸ்கட் 2,600 கிலோமீட்டர், மூன்றரை மணியிலிருந்து மூன்றே முக்கால். துபாய் 2,950, நாலே கால் மணி. தோஹா 3,265 அளவில், நாலரை மணி. குவைத் 3,800, ஐந்து மணி. எல்லாமே அரபிக்கடலுக்கு மேலே போகும் பாதை.

2025 ஏப்ரலில் பாகிஸ்தான் தன் வான்வெளியை இந்திய விமானங்களுக்கு மூடியபோது, ‘நம்ம துபாய் விமானமும் சுற்றிப் போகுமா’ என்று நிறைய பேர் பயந்து கேட்டார்கள். நம் பாதை அந்தப் பக்கமே போகாது. டெல்லி போன்ற வட இந்திய ஊர்களிலிருந்து மேற்கே போகிறவர்களுக்குத்தான் அது சுற்று.

துபாய் டிக்கெட்டில் 21.00 புறப்பாடு, 23.45 சேரும் நேரம் என்று இருக்கு. ரெண்டே முக்கால் மணியில் போய்விடுமா?

போகாது. புறப்படும் நேரம் இந்திய மணி, சேரும் நேரம் அந்த ஊர் மணி. துபாய், ஓமன் இரண்டும் நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால். 23.45 என்பது நம் மணிக்கு ராத்திரி 1.15. அப்போது நாலே கால் மணி நேரம் சரியாக வருகிறதா?

சவுதி, கத்தார், குவைத், பஹ்ரைன் இரண்டரை மணி நேரம் பின்னால். மாலத்தீவு அரை மணி பின்னால். இலங்கைக்கும் நமக்கும் ஒரே மணி. சிங்கப்பூர், மலேசியா இரண்டரை மணி நேரம் முன்னால். துபாயிலிருந்து திரும்பி வரும்போது இந்த ஒன்றரை மணி நேரம் தலைகீழாகச் சேர்ந்து, டிக்கெட்டில் ஐந்தே கால் மணிப் பயணம் போலத் தெரியும். அதைப் பார்த்து, ‘நடுவில் எங்கோ இறங்குது போல’ என்று குழம்ப வேண்டாம்.

15-ஆம் தேதி 00.40 விமானம் என்றால் எந்த ராத்திரி போகணும்?

14-ஆம் தேதி ராத்திரி. 14-ஆம் தேதி சாயங்காலமே வீட்டை விட்டுக் கிளம்பிவிட வேண்டும்.

இந்த ஒரு கேள்விக்காகவே இதையெல்லாம் எழுத உட்கார்ந்தேன் என்று சொல்லலாம். என் சொந்த அத்தான், கருங்கல்காரர், பதினோரு வருடம் கல்ஃபில் இருந்தவர். விடுமுறை முடிந்து திரும்பும்போது டிக்கெட்டில் 15 என்று இருந்ததால் 15-ஆம் தேதி ராத்திரி குடும்பத்தோடு வேன் பிடித்துப் போனார். ஏர்போர்ட் வாசலில் டிக்கெட்டைப் பார்த்த காவலர், ‘இது நேற்றே போயாச்சே’ என்றார். அக்கா இன்றைக்கும் அந்த ராத்திரியைச் சொல்லி அழுவாள். புது டிக்கெட்டுக்கு அந்த மாதச் சம்பளம் முழுவதும் போனது, வேலையில் சேர வேண்டிய நாளும் தப்பியது. அதற்குப் பிறகு நள்ளிரவு 12 மணியிலிருந்து 4 மணி வரை உள்ள எந்த டிக்கெட்டானாலும், அதன் மேலே சிவப்புப் பேனாவில் ‘14 செவ்வாய் சாயங்காலம் வீட்டை விட்டுக் கிளம்பவும்’ என்கிற மாதிரி கிழமையோடு எழுதித்தான் கொடுக்கிறேன். நீங்கள் மொபைலில் எடுத்தாலும், வீட்டுக் காலண்டரில் அந்த முந்தின நாள் கட்டத்தில் எழுதி வையுங்கள்.

துபாய் போகும்போது நாலே கால், வரும்போது நாலு மணிக்கும் குறைவு. ஒரே தூரம்தானே?

தூரம் ஒன்றுதான், காற்று வேறு. விமானம் பறக்கும் உயரத்தில் காற்று ஆறு மாதிரி ஓடுகிறது. குளிர்காலத்தில் வட இந்தியாவுக்கும் வளைகுடாவுக்கும் மேலே மேற்கிலிருந்து கிழக்காகப் பலமாக வீசும். போகும்போது எதிர்நீச்சல், வரும்போது முதுகில் தள்ளும் காற்று. மணிக்கு 60 கிலோமீட்டர் காற்று என்று வைத்தால், போகும்போது வேகம் 770, வரும்போது 890. 2,950 கிலோமீட்டருக்கு இதிலேயே அரை மணி நேரம் வித்தியாசம் வந்துவிடும்.

நம் தெற்குப் பக்கத்தில் இன்னொரு விசேஷம் உண்டு. ஜூன் முதல் செப்டம்பர் வரை, கீழே தென்மேற்குப் பருவமழை கொட்டிக்கொண்டிருக்கும்போது, மேலே வெகு உயரத்தில் காற்று கிழக்கிலிருந்து மேற்காக ஓடும். கீழே குடையைப் பிடுங்கும் காற்று ஒரு திசை, பதினொரு கிலோமீட்டர் மேலே நேர் எதிர்த் திசை. அந்த மாதங்களில் போகவர உள்ள வித்தியாசம் குறைந்துவிடும்.

தூத்துக்குடி, மதுரை ஏர்போர்ட்டுக்குப் போனால் என்ன?

தூத்துக்குடி விமான நிலையம் வாகைக்குளத்தில் இருக்கிறது. நாகர்கோவிலிலிருந்து திருநெல்வேலி வழியாக 110 முதல் 120 கிலோமீட்டர். தூரம் கூடுதல்தான், ஆனால் ஆரல்வாய்மொழி தாண்டிவிட்டால் நான்கு வழிச்சாலை. இரண்டு மணி நேரத்தில் நிம்மதியாகப் போகலாம். முன்பு அங்கே ஓடுதளம் 1,350 மீட்டர்தான். காற்றாடி வைத்த ஏ.டி.ஆர். விமானம் மட்டும் இறங்கும். அது மணிக்கு 500 கிலோமீட்டர் அளவில்தான் பறக்கும். சென்னைக்கு 530 கிலோமீட்டர், ஒன்றரை மணி நேரம். இப்போது ஓடுதளத்தை 3,115 மீட்டராக நீட்டி, 2025 ஜூலையில் புது முனையமும் திறந்திருக்கிறார்கள். பெரிய ஜெட் இறங்கலாம். தோவாளை, ஆரல்வாய்மொழி, அஞ்சுகிராமம் பக்கத்தவர்கள் சென்னைக்கு இதை ஒருமுறை பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

மதுரை 240 கிலோமீட்டர். விலை வித்தியாசம் பெரிதாக இருந்தால் ஒழிய வேண்டாம்.

கொழும்பு, சிங்கப்பூர் எவ்வளவு?

கொழும்பு 360 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு, ஒரு மணி நேரம். சென்னையை விடப் பக்கம் என்றால் பலர் நம்புவதில்லை, வரைபடத்தைக் காட்ட வேண்டியிருக்கிறது. மாலே 600 சொச்சம். சிங்கப்பூர் 3,100, நாலே கால் மணி. துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் நாம் ஏறக்குறைய நடுவில் இருக்கிறோம்.

ஏர்போர்ட் வாசல் எது? டிரைவர் மாற்றிக் கொண்டுபோய் விட்டால்?

இதில் கவனம் தேவை. அங்கே இரண்டு டெர்மினல், நடுவில் ஓடுதளம். ஒன்று கடற்கரையை ஒட்டிச் சங்குமுகம் பக்கம், இன்னொன்று சாக்கை பக்கம். ஒன்றிலிருந்து மற்றதுக்கு உள்ளே நடந்து போக முடியாது. சில கிலோமீட்டர் ரோட்டில் சுற்ற வேண்டும். வெளிநாட்டு விமானம் சாக்கை பக்கம் உள்ள இரண்டாம் டெர்மினல். உள்நாட்டு விமானம் என்றால் சங்குமுகம்தான் என்று நீங்களே முடிவு செய்துவிடாதீர்கள். சில உள்நாட்டு விமானங்களும் இரண்டாம் டெர்மினலிலிருந்து கிளம்புகின்றன. டிக்கெட்டில் ‘டி1’, ‘டி2’ என்று போட்டிருக்கும். அதைப் பார்த்து டிரைவரிடம் ‘சங்குமுகம்’ அல்லது ‘சாக்கை’ என்று ஊர்ப் பெயரிலேயே சொல்லுங்கள்.

வருடத்தில் ஏதோ இரண்டு நாள் ஏர்போர்ட்டை மூடுவார்களாமே, நிஜமா?

நிஜம்தான். பத்மநாபசுவாமி கோவில் ஆராட்டு, அதாவது சுவாமியைக் கடலில் நீராட்டும் விழா, பங்குனியிலும் ஐப்பசியிலும் வரும். சுவாமி ஊர்வலம் சங்குமுகம் கடற்கரைக்கு ஓடுதளத்தைக் கடந்துதான் போகும். மன்னர் காலத்திலிருந்து அதுதான் வழி. அன்றைக்குச் சாயங்காலம் சுமார் ஐந்து மணி நேரம் விமானங்கள் நிற்கும். முன்கூட்டியே அறிவித்து நேரத்தை மாற்றிவிடுவார்கள். உங்கள் போன் நம்பரும் டிக்கெட்டில் சரியாக இருந்தால் செய்தி வரும். ஏஜெண்டின் நம்பர் மட்டும் இருந்தால், அவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

அப்போ நாகர்கோவிலிலிருந்து ராத்திரி 9 மணி துபாய் விமானத்துக்கு எத்தனை மணிக்குக் கிளம்பணும்?

பின்னாலிருந்து கணக்குப் போடுங்கள். விமானம் 21.00. வெளிநாட்டுப் பயணத்துக்கு மூன்று மணி நேரம் முன்னால், அதாவது 18.00-க்கு ஏர்போர்ட்டில். பெட்டி வாங்கும் கவுண்டர் பெரும்பாலும் விமானத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே மூடிவிடும், இமிக்ரேஷனில் வரிசை நிற்கும். மாலை ரோட்டுக்கு இரண்டரை மணி. ஆக 15.30. வழியில் நாகராஜா கோவிலிலோ கோட்டாறு சவேரியாரிடமோ கும்பிட்டுவிட்டுப் போவதானால் மூன்று மணிக்கே இறங்குங்கள்.

15.30-க்குக் கிளம்பியவர் துபாயில் ஏர்போர்ட்டை விட்டு வெளியே வரும்போது நம் மணிக்கு ராத்திரி இரண்டேகால். பத்தே முக்கால் மணி நேரம். அங்கே அழைத்துப் போக வருகிறவரிடம் துபாய் மணியில், ராத்திரி 12.45-க்கு வெளியே வருவேன் என்று சொல்லுங்கள். இறங்கும் நேரத்தைச் சொன்னால், அவர் ஒரு மணி நேரம் வாசலில் நிற்பார்.

தனித்தனி டிக்கெட்டாக, சென்னை வரை ஒன்று, அங்கிருந்து வெளிநாட்டுக்கு ஒன்று எடுத்தால் எவ்வளவு இடைவெளி வேண்டும்?

ஐந்து மணி நேரம். ஒரே டிக்கெட் என்றால் முதல் விமானம் தாமதமானாலும் அடுத்ததில் ஏற்றிவிடுவது கம்பெனி பொறுப்பு. தனித்தனி டிக்கெட்டில் அந்தப் பொறுப்பு யாருக்கும் இல்லை. பெட்டியையும் நீங்களே எடுத்து மறுபடி கொடுக்க வேண்டும். ஆயிரம் ரூபாய் மிச்சத்துக்காக இதைச் செய்யாதீர்கள் என்று ஒவ்வொருவரிடமும் சொல்கிறேன்.

மக்களே, என் பிள்ளை இப்போ எங்க பறந்துட்டு இருப்பான்?

முளகுமூட்டிலிருந்து வரும் ஒரு அம்மா, மகன் போகும் ஒவ்வொரு தடவையும் கேட்பது இது. ‘மக்களே’ என்று கூப்பிடுவது என்னைத்தான். அவருக்கு நம் மணியிலேயே எழுதிக் கொடுத்த கணக்கை இங்கே வைக்கிறேன். ராத்திரி 9 மணி துபாய் விமானத்துக்கு.

9.15-க்கு விமானம் தரையை விட்டிருக்கும். 10.10-க்கு லட்சத்தீவுக்கு வடக்கே, இந்தியக் கரை பின்னால் போயிருக்கும். 11.10-க்குப் பாதி வழி, சுற்றிலும் அரபிக்கடல். 12.20-க்கு ஓமன் கரை, கீழே விளக்குகள் தெரியத் தொடங்கும். 1.15-க்கு விமானம் நின்றிருக்கும். போன் போட்டுக்கொண்டு கூப்பிட இன்னும் அரை மணி.

மொபைலில் விமானம் நகர்வதைக் காட்டும் ஆப் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. விமானம் அனுப்பும் சிக்னலை வாங்கும் கருவிகள் பெரும்பாலும் கரையில்தான் இருக்கின்றன. நடுக்கடலுக்கு மேலே போகும்போது சிக்னல் எட்டாமல், அந்தச் சின்ன விமானப் படம் மறைந்துவிடலாம். அந்த அம்மாவின் மருமகள் ஒரு ராத்திரி அதைப் பார்த்துப் பதறி எனக்குப் போன் செய்தாள். மணி 11.20. ‘பாதிக்கடலில் இருக்கிறான், பன்னிரண்டேகாலுக்குப் பார் பிள்ளே, ஓமன் பக்கம் படம் வந்துடும்’ என்றேன். பன்னிரண்டு இருபதுக்கு மறுபடி போன் வந்தது. படம் வந்துவிட்டதாம், அம்மா இப்போதுதான் சாப்பிட உட்கார்ந்தாராம்.